கராபாஷின் தோல்

கத்தி தீட்டுகிற சத்தம் கேட்டதும் கனிஷாய் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். சாணைக்கல்லில் இரும்பு இழுபடுகிற அந்தச் சத்தம் அவளுக்குப் புதிதில்லை. இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஐந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். ஆடு அறுபடாத மாதம் அந்த மலையில் கிடையாது. ஆனால் இன்றைக்கு அறுபடப்போவது எது, யாருக்காக என்று அவளுக்குத் தெரியும். மடியில் கிடந்த மூன்று வயது பெக்தூர் எதையும் காதில் வாங்கவில்லை. அவனுக்கு இது காய்ச்சலின் நாலாவது நாள்.

பிள்ளையின் உடம்பு தொட்டால் கை பின்வாங்குகிற சூட்டில் இருந்தது. மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. உதடு வெடித்து ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. கனிஷாய் அவனை நெஞ்சோடு நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டு, ராஸ்பெரி ஜாம் கரைத்த இளஞ்சூட்டுத் தேநீரைக் கரண்டி கரண்டியாக வாயில் விட்டுக்கொண்டிருந்தாள். மூன்று கரண்டி விட்டால் ஒன்று உள்ளே போகும். போன அந்த ஒன்றுக்காக அவள் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டாள்.

புருஷன் உலான் வீட்டில் இல்லை. குதிரைகளோடு கணவாய்க்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தான். பனி இறங்கிப் பாதையை மூடி ஒரு வாரம் ஆகிறது. கீழே ஊருக்குப் போகிற சாலையும் அடைபட்டுவிட்டது. மலைமேல் அந்தத் தனி வீட்டில் இருந்தவர்கள் நாலே பேர்: கனிஷாய், பிள்ளை, உலானின் அண்ணன் கதிர்குல், அவன் பெண்டாட்டி ஜெய்னெப்.

முந்தின நாள் கனிஷாய் இடுப்பளவுப் பனியில் மேட்டின் மேல் ஏறி நின்று, கையை உயரத் தூக்கி, ஒரு கோடு சிக்னல் பிடித்து, கீழே ஊரில் இருக்கிற பெர்மெத் நர்ஸைக் கூப்பிட்டாள். பெர்மெத் அதட்டித்தான் பேசுவாள். அன்றைக்கும் அதட்டினாள்.

"போர்த்தாத. கம்பளி கிம்பளி எதுவும் வேணாம், ஒத்தைச் சட்டை போதும். வெதுவெதுன்னு தண்ணி வச்சு, துணிய நனைச்சு, கழுத்து, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் ஒத்தி எடு. ஜில்லுத் தண்ணி கூடாது. ஆறு மணி நேரத்துக்கு ஒருவாட்டி அந்தக் காய்ச்சல் மருந்து. வாய்க்குத் தண்ணி விட்டுக்கிட்டே இரு. டிராக்டர் நாளன்னிக்கு வழி எடுத்துரும், நான் வந்துர்றேன். இன்னொண்ணு கேட்டுக்க கனிஷாய். உங்க வீட்டுல ஆட்டுத்தோலு, அது இதுன்னு ஆரம்பிப்பாங்க. உயிரே போனாலும் விடாத."

"ஏன்க்கா? அதுல என்ன கெடுதல்..." என்று கனிஷாய் கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

பெர்மெத் சொன்னபடியே ஆரம்பித்தார்கள். காலையில் கதிர்குல் வாசல்படியில் நின்று, பிள்ளையின் மூச்சை ஒரு நிமிஷம் பார்த்தான். ஆறடி உயரம், கதவளவு தோள். அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"இன்னும் எத்தனை நாளைக்கு இந்தத் துணி நனைக்கிற வேலை?"

"நர்ஸு சொல்லியிருக்காங்க மாமா."

"போன்லயே வைத்தியம் பாக்குறாளாக்கும். அப்படியே போன்லயே அவளச் சோறும் ஆக்கிப் போடச் சொல்லு. ஏம்மா, சூடு உள்ள கெடக்கு. அத வெளிய இழுக்கணும். அறுத்த சூடு ஆறாத ஆட்டுத்தோலு இழுக்கும். நாலு வயசுல நான் செத்துப்போயிட்டேன்னு எங்காத்தா அழுதுச்சாம். எங்கப்பன் தோல உரிச்சு என்னை அதுக்குள்ள போட்டுக் கட்டினான். மறுநாள் எந்திரிச்சு ரொட்டி கேட்டேனாம். இந்தா நிக்கிறேன் பாரு."

"அது உங்க உடம்பு மாமா. இது இவன் உடம்பு."

"இது எங்க வீட்டு ரத்தம். நீ நேத்து வந்தவ."

அதோடு போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் சாணைக்கல் பாட ஆரம்பித்தது.

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் இதில் பெரிய கொடுமை. கெட்டவனாக இருந்தால் கனிஷாய்க்கு வேலை சுலபம். பெக்தூர் பிறந்த அன்றைக்கு வானத்தைப் பார்த்துத் துப்பாக்கியால் ஏழு தரம் சுட்டவன் அவன். பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு குதிரை மாதிரி கனைத்துக்கொண்டே தொழுவத்தைச் சுற்றி ஓடுவான், பெற்ற அப்பன் உலான்கூட அப்படி ஓடியதில்லை. அவனுக்குப் பிள்ளை இல்லை. இருந்தது, போய்விட்டது. ஏழு வருஷத்துக்கு முன்பு, கனிஷாய் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால், அய்சுலு என்று ஐந்து வயது மகள் இதே மாதிரி மார்ச் மாதத்தில், இதே மாதிரி காய்ச்சலில் கிடந்தாள். அவளுக்கும் தோல் போர்த்தினார்கள். மறுநாள் காலையில் அவள் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்குத் தொழுவத்தில் ஒரு கறுப்புக் கிடா நின்றிருந்தது. ஊரே வாயைப் பிளக்கிற கிடா. கதிர்குலுக்கு அதன் மேல் கை வைக்க மனம் வரவில்லை. தோல் என்றால் தோல்தானே என்று பல் விழுந்த ஒரு கிழட்டுப் பெண்ணாட்டை இழுத்து வந்து அறுத்தான். சாவுக்கு வந்த கிழவர்கள் தேநீரைக் குடித்துக்கொண்டே, வற்றல் தோலுக்கு இழுக்கிற சத்து ஏது என்று பேசிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஏழு வருஷமாக அவன் சரியாகத் தூங்கியதில்லை. தன் கஞ்சத்தனம்தான் மகளைக் கொன்றது என்று அவன் முடிவு கட்டியிருந்தான். அந்தக் கிடாவின் வாரிசுதான் இப்போது நிற்கிற கராபாஷ். வாற்கோதுமையும் பச்சை முட்டையும் கொடுத்துப் பிள்ளை மாதிரி வளர்த்தது. போன வருஷச் சந்தையில் முதல் பரிசு வாங்கியது. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒருவன் அதற்கு ஈடாக ஜீப்பையே தருகிறேன் என்றபோது, உன் ஜீப்பு குட்டி போடுமா என்று கேட்டு விரட்டிவிட்டவன் கதிர்குல்.

இன்றைக்கு அந்தக் கராபாஷுக்குத்தான் கத்தி தீட்டினான்.

கனிஷாய் ஜன்னலில் படிந்திருந்த உறைபனியை நகத்தால் சுரண்டி வெளியே பார்த்தாள். கதிர்குல் கொம்பைப் பிடித்து இழுத்து வந்தான். கிடாவுக்கு ரத்தவாடை தெரிந்துவிட்டது போலிருக்கிறது, முற்றத்து நடுவில் நாலு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. அப்புறம் தலையைத் தாழ்த்தி ஒரே முட்டு. அவ்வளவு பெரிய மனுஷன் கம்பத்தில் போய் மோதி விழுந்தான். உதடு கிழிந்து தாடியில் ரத்தம் வழிந்தது. எழுந்து பாய்ந்து அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்தான். இரண்டும் பனியில் புரண்டன. கிடா உதைத்த உதையில் தண்ணீர்த் தொட்டியின் பனிக்கட்டி பிளந்தது. கடைசியில் முழங்காலை அதன் விலாவில் ஊன்றி மூன்று காலைச் சேர்த்துக் கட்டினான். கட்டியபின் அதன் காதோடு வாய் வைத்து என்னவோ சொன்னான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று கனிஷாய்க்குப் புரிந்தது. அழுதுகொண்டே அதன் தலையை மேற்கே திருப்பி, அல்லாவின் பெயரைச் சொல்லி, கழுத்தை அறுத்தான். பனி ஒரு முறத்தளவுக்குச் சிவந்து உருகிப் பள்ளமானது. நாய் ஓடி வந்து நக்கியது. அவன் அதை உதைத்தான்.

கராபாஷ் கடைசியாகப் போட்ட சத்தத்தில் பெக்தூர் கண்ணைத் திறந்தான்.

"கராபாஷு எங்கம்மா?"

"தண்ணி குடிக்கப் போயிருக்கான் சாமி. நீயும் ஒரு வாய் குடி, வா. அவன் அங்க குடிக்கிறான், நீ இங்க குடி."

பிள்ளை ஒரு கரண்டி குடித்தான். கனிஷாய் அவன் சின்னக் கையை விரித்து விரல் விளையாட்டு விளையாடினாள். கட்டைவிரல்தான் எப்போதும் கராபாஷ். "இது கராபாஷு, முன்னால போறான். இது வெள்ளாடு, பின்னால போறா. இது சோம்பேறி, நடுவுல படுத்துட்டான்..." சுண்டுவிரல் குட்டி கணவாயைத் தாண்டுவதற்குள் பிள்ளை மறுபடியும் கண்ணை மூடிவிட்டான். துணியை நனைத்துக் கழுத்தில் ஒற்றினாள். ஒற்றிய இடம் உடனே காய்ந்தது. வெளியே தோலுக்கும் சதைக்கும் நடுவே முஷ்டியை விட்டு உரிக்கிற சத்தம் கேட்டது. இனி இருப்பது கால் மணி நேரம்தான்.

அவள் பிள்ளையை அடுப்பிலிருந்து தள்ளி மெத்தையில் கிடத்தினாள். கதவின் கொக்கியைப் போட்டாள். மெத்தைகள் அடுக்கியிருந்த சீர்ப்பெட்டியை முதுகு கொடுத்துத் தள்ளிக் கதவுக்கு அண்டை கொடுத்தாள். அடுப்பு கிளறுகிற இரும்புக் கோலைக் கையில் எடுத்துக்கொண்டாள். பயத்தில்தான். வீரம் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை.

முதலில் வந்தது ஜெய்னெப். கதவை விரலால் தட்டினாள். நாலு நாளாகக் கனிஷாயோடு மாறி மாறி முழித்தவள், பிள்ளையின் மூத்திரத்துணியை முகம் சுளிக்காமல் அலசியவள்.

"கனிஷாய், தெறடி. ஆறிப்போகுது."

"ஆறட்டும்க்கா."

"அவரு கராபாஷையே அறுத்துட்டாருடி. உனக்குப் புரியுதா, கராபாஷையே. அந்த மனுஷன் ஈரக்குலைய அறுத்துக் குடுத்த மாதிரி. ஒரு வார்த்தைக்காவது மரியாதை குடு."

"மரியாதைய அப்புறமா ஒரு மூட்டை குடுக்கிறேன். இப்ப புள்ளையக் குடுக்க முடியாது."

"நீ பெத்தவ, உனக்குப் புரியாது. நான் பறிகுடுத்தவ. எனக்குத்தான் தெரியும். தெறடி."

பிறகு கனமான காலடி வந்தது. கதவில் ஒரு குத்து விழுந்தது.

"தள்ளு."

"மாட்டேன் மாமா."

"தம்பி ஊர்ல இல்ல. இந்த வீட்டுல நான்தான் பெரியவன். புள்ள செத்தா அவனுக்கு யாரு பதில் சொல்றது? நீயா?"

"நான் சொல்லிக்கிறேன்."

"சொல்லுவ, சொல்லுவ. குழி நாங்கதானே தோண்டணும்! தள்ளுடி!"

அவன் கனிஷாயை அதுவரை 'டி' போட்டதில்லை. காலடி விலகிப் போனது. விறகுக் குவியல் பக்கம் போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. திரும்பி வந்ததும் முதல் வெட்டில் கதவின் மேல்பலகை பிளந்து கோடாலியின் மூக்கு உள்ளே எட்டிப் பார்த்தது. பெக்தூர் அலறி எழுந்தான். இரண்டாவது வெட்டில் கொக்கி பெயர்ந்து தெறித்து, அவள் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போனது. மூன்றாவதுக்குப் பிறகு அவன் தோளைக் கொடுத்து மோதினான். சீர்ப்பெட்டி வழுக்கிக்கொண்டு பின்னால் வந்தது. மெத்தைகள் சரிந்தன.

உடைந்த கதவு வழியே முதலில் உள்ளே வந்தது தோள். கனிஷாய் இரும்புக் கோலை ஓங்கி அந்தத் தோளில் இறக்கினாள். அவன் நிற்கவில்லை. இரண்டாவது அடி காதோரம் விழுந்தது. காது கிழிந்து ரத்தம் கழுத்தில் கொட்டியது. அவன் அதையும் துடைக்கவில்லை. கோலை வெறுங்கையால் பிடித்து முறுக்கிப் பிடுங்கி மூலையில் எறிந்தான். புறங்கையால் ஒரு அறை. கனிஷாய் அடுப்பின் மேல் போய் விழுந்தாள். உள்ளங்கை இரும்பில் பொசுங்கியது. பொசுங்கிய கையோடு எழுந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் அவளை இழுத்துக்கொண்டே நடந்தான்.

"ஜெய்னெப்! இவளப் பிடி!"

ஜெய்னெப் பிடித்தாள். பின்னாலிருந்து இரண்டு கையையும் கோத்து நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். பால் கறந்து விறகு சுமந்த கை அது, லேசில் விடாது. கனிஷாய் குனிந்து அந்த மணிக்கட்டைக் கடித்தாள். வாயில் உப்பு கரித்தது. ஜெய்னெப் முனகினாள், ஆனால் பிடியை விடவில்லை.

"எல்லாம் அவன் நல்லதுக்குத்தாண்டி, நல்லதுக்குத்தாண்டி" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கதிர்குல் வெளியே போட்டிருந்த தோலை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தான். அதிலிருந்து ஆவி பறந்தது. அறை முழுக்கப் பச்சை ரத்தமும் கொழுப்பும் நாறியது. சட்டையை உருவிவிட்டுப் பிள்ளையை அதில் கிடத்தி, வழுவழுப்பான உள்பக்கம் உடம்போடு ஒட்டும்படி கழுத்துவரை சுற்றி, கால்பக்கத் தோலை முடிச்சுப் போட்டான். அவன் கை அப்போது அவ்வளவு மெதுவாக வேலை செய்தது. "என் ராசா, என் குதிரைக்காரா, கொஞ்சம் பொறுத்துக்க. உனக்குக் கராபாஷையே குடுத்துட்டேன் பாரு. நல்ல தோலுடா. இது இழுக்கும்."

பிள்ளை திமிறினான். தோலுக்குள்ளே இரண்டு முட்டியும் துருத்தித் துருத்தி அடங்கின.

"சுடுது... பெரியப்பா, சுடுது..."

"சுடட்டும்டா. சுட்டாத்தான் போகும்."

"சுடுதும்மா..."

குரல் தேய்ந்தது. முகம் செங்கல் நிறத்துக்கு வந்து, பிறகு உதட்டைச் சுற்றி நீலம் பாய்ந்தது. அதைப் பார்த்ததும் கனிஷாயின் வாயிலிருந்து அந்த வீட்டில் எந்த மருமகளும் சொல்லாத ஒன்று வெளியே வந்தது.

"கதிர்குல்!"

வெறும் பெயர். புருஷனுடைய அண்ணனின் பெயரை, அவன் முகத்துக்கு நேராக. கதிர்குல் அறைபட்டவன் மாதிரி நிமிர்ந்தான். இரும்புக் கோல் செய்யாததைப் பெயர் செய்தது. அவன் நின்ற அந்தக் கணத்தில் அவள் அடுத்ததையும் சொன்னாள். யோசித்துச் சொல்லவில்லை. கையில் வேறு ஆயுதம் இல்லாததால் சொன்னாள்.

"கெழட்டுத் தோலால உன் மக சாகல! தோலாலயே செத்தா! காய்ச்சல்ல கெடந்த பச்சப்புள்ளைய உயிரோட வேகவச்சுக் கொன்னீங்க நீங்க ரெண்டு பேரும்! நர்ஸுக்குத் தெரியும்! ஊருக்கே தெரியும்! இப்ப என் புள்ளையயும் வேகவை! வேகவச்சு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பொத!"

நர்ஸ் அப்படிச் சொல்லவில்லை. ஊருக்குத் தெரியும் என்பதும் பொய். அது கனிஷாய்க்கே தெரியும்.

அவள் நெஞ்சைச் சுற்றியிருந்த கை தளர்ந்தது. முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. கனிஷாய் பிள்ளையை நோக்கிப் பாய்ந்தாள். கதிர்குல் குறுக்கே கையை நீட்டினான். அதற்குள் அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஜெய்னெப்பின் குரல்தான், ஆனால் அந்த வீட்டில் யாரும் கேட்டிராத குரல்.

"அவளும் அதத்தான் சொன்னா."

ஜெய்னெப் மூலையில் கிடந்த இரும்புக் கோலைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சுடுதும்மான்னா. மூணு தடவ சொன்னா. நாந்தான் பேசாம இருடி, தூங்குடின்னு அவ கைய அமுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். நீ பிடின்னு சொன்ன, நான் பிடிச்சேன். இப்பவும் பிடின்ன. இப்பவும் பிடிச்சேன்."

"ஜெய்னெப், கோல கீழ போடு..."

முதல் அடி குறுக்கே நீட்டியிருந்த கையில் விழுந்தது. காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. கை முழங்கைக்குக் கீழே தவறான பக்கம் தொங்கியது. இரண்டாவது முதுகில். மூன்றாவது விலாவில். கிடாவை மல்லுக்கட்டிச் சாய்த்த மனுஷன், ஒரு தள்ளுத் தள்ளினால் அவள் சுவரில் போய் ஒட்டிக்கொள்வாள், தள்ளவில்லை. நல்ல கையைக்கூட மேலே தூக்கவில்லை. முழங்காலிட்டு, தலையைக் குனிந்து, ஒவ்வொரு அடியையும் வாங்கிக்கொண்டான். அவள் வாய்விட்டு எண்ணுகிற மாதிரி "ஒரு தடவ, ரெண்டு தடவ" என்று சொல்லிக்கொண்டே அடித்தாள். மூன்றோடு எண்ணிக்கை முடிந்தது. அடி முடியவில்லை.

கனிஷாய் பல்லால் முடிச்சை அவிழ்த்துத் தோலைப் பிரித்தாள். உள்ளே பிள்ளை ரத்தமும் நிணமுமாக, அப்போதுதான் பிறந்தவன் மாதிரி கிடந்தான். கண் மேலே செருகியது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது.

"அக்கா! இழுக்குதுக்கா! புள்ளைக்கு இழுக்குது!"

கோல் கீழே விழுந்தது. அடித்த அதே கையோடு ஜெய்னெப் ஓடி வந்தாள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கப் போட்டார்கள். வாயில் எதையும் திணிக்காமல், எச்சில் வழிய விட்டு, தலைக்குக் கீழே கையைக் கொடுத்துக் காத்திருந்தார்கள். இரண்டு நிமிஷம் இருக்கும். இரண்டு பேருக்கும் அது ஒரு ஆயுசு. வெட்டு நின்றதும் பிள்ளை பெருமூச்சு விட்டு, பிறகு பலவீனமாக அழுதான். அந்த அழுகையைக் கேட்டுக் கனிஷாயும் அழுதாள்.

ஒருத்தி தண்ணீர் விளாவினாள், ஒருத்தி துணி பிழிந்தாள். ரத்தத்தைத் துடைத்தார்கள், கொழுப்பைத் துடைத்தார்கள், கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று ஒற்றிக்கொண்டே இருந்தார்கள். உடைந்த கதவின் வழியே காற்று வந்தது. கனிஷாயின் கை கொப்புளித்திருந்தது, ஜெய்னெப்பின் மணிக்கட்டில் பல் பதிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒருத்தி காயத்தை ஒருத்தி பார்க்கவில்லை. மருந்து கொடுக்க நேரம் வந்ததும் பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டான். ஜெய்னெப் அவன் மூக்கில் தன் மூக்கை உரசி, "ஒரு சொட்டு எனக்கு, ஒரு சொட்டு உனக்கு" என்று கரண்டியைத் தன் உதட்டில் ஒருதரம் வைத்துக் காட்டிக் கொடுத்தாள். அவன் விழுங்கினான். அவளுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டியதில்லை.

கதிர்குல் எழுந்தான். நல்ல கையால் தோலின் ஒரு முனையைப் பிடித்துத் தரையோடு இழுத்துக்கொண்டு வெளியே போனான். கம்பளி விரிப்பில் நடையின் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. முற்றத்தில், தோல் இல்லாமல் கிடந்த கராபாஷின் பக்கத்தில், பனியில் உட்கார்ந்தான். நாய் இறைச்சியைத் தின்னப் பார்த்தது. இந்தத் தடவை அவன் உதைக்கவில்லை. பொழுது சாயும்போது ஜெய்னெப் ஒரு பலகைத் துண்டோடு போய், அவன் கையை நேராக்கி, தன் தலைத்துணியால் சுற்றிக் கட்டினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். அவள் திரும்பி வந்து மறுபடியும் துணியை நனைத்தாள்.

விடிந்தபோது பிள்ளைக்கு நெற்றியில் வியர்த்தது. கனிஷாய் நம்பாமல் தன் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். ஈரம். சூடு இருந்தது, ஆனால் மனுஷச் சூடு.

சொன்ன நாளைக்கு ஒரு நாள் பிந்தி டிராக்டர் வந்தது. அதன் பின்னால் தொற்றிக்கொண்டு பெர்மெத் வந்து இறங்கினாள். கதவுக்குப் பதிலாகத் தொங்கிய போர்வையைப் பார்த்தாள், கனிஷாயின் கன்னத்தைப் பார்த்தாள், கதிர்குலின் காதையும் கட்டையும் பார்த்தாள்.

"புள்ளைக்குத்தான் சீக்குன்னு சொன்ன" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. பிள்ளையின் முதுகில் காதுக்குழாயை வைத்துக் கேட்டு, ஊசி போட்டு, இன்னும் ஐந்து நாளைக்கு மருந்தை எடுத்து வைத்தாள். "தப்பிச்சுட்டான். நல்லாப் பாத்திருக்கீங்க."

அவள் பையை மூடும்போது ஜெய்னெப் கேட்டாள்.

"எங்க அய்சுலு. அன்னிக்குத் தோலு போத்தாம இருந்திருந்தா?"

பெர்மெத் கனிஷாயைப் பார்த்தாள். கனிஷாய் தரையைப் பார்த்தாள்.

"தெரியாது ஜெய்னெப்" என்றாள் நர்ஸ். அவள் குரலில் அதட்டல் இல்லை. "அவளுக்கு நெஞ்சு பூராச் சளி அடைச்சிருந்துச்சு. தோலும் கெடுதல்தான். ரெண்டுல எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. யாராவது தெரியும்னு சொன்னா அது பொய்."

டிராக்டர் இறங்கிப் போன பிறகும் கனிஷாயால் தலையைத் தூக்க முடியவில்லை. பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டாள், சரி. அதற்கு எதை எடுத்து எறிந்தாள் என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அக்கா, அன்னிக்கு நான் தெரிஞ்சு சொல்லல."

"தெரியும்டி" என்றாள் ஜெய்னெப். "நான் தெரிஞ்சுதான் பிடிச்சேன்."

அடுப்பில் சூப்பு கொதித்தது. கராபாஷின் நெஞ்செலும்பு. அறுத்ததை வீணாக்குகிற வழக்கம் அங்கே இல்லை. ஜெய்னெப் ஒரு கிண்ணத்தில் ஊற்றி, ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஊறவைத்து, மெத்தையில் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தாள். ஆறு நாளில் பெக்தூருக்கு முகத்தில் கண் மட்டும்தான் மிச்சம் இருந்தது. போர்வையை விலக்கிக்கொண்டு கதிர்குல் வாசல்படியில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. உள்ளே வாருங்கள் என்று கனிஷாய் சொல்லவும் இல்லை.

"பெரியப்பா, கையில என்ன கட்டை?"

"குதிரை கால ஒடச்சுக்கிச்சுடா" என்றான் அவன்.

"கனைக்குமா?"

கதிர்குல் வாயைத் திறந்தான். கனைக்கப் பார்த்தான். சத்தம் வரவில்லை.

ஜெய்னெப் கரண்டியை நீட்டினாள். பிள்ளை ஆசையோடு வாயைக் கொண்டுபோய், உதட்டில் பட்டதும் முகத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"சுடுது பெரியம்மா."

வாசல்படியில் கதிர்குல் நல்ல கையால் சுவரைப் பிடித்துக்கொண்டான். ஜெய்னெப்பின் கையில் கரண்டி ஆடி, பாதிச் சூப்பு மடியில் கொட்டியது.

"சுடுதா கண்ணு?" என்றாள். "சொன்ன பாரு. நல்ல புள்ள. ஊதுறேன், இரு."

ஊதினாள். பிள்ளை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். ஆவி அடங்கியது, கரண்டியின் ஓரத்தில் கொழுப்பு வெள்ளையாக உறைந்தது. அவள் இன்னும் ஊதிக்கொண்டிருந்தாள். கனிஷாய் மெதுவாகக் கையை நீட்டி, பல் பதிந்திருந்த அந்த மணிக்கட்டைப் பிடித்து, கரண்டியைப் பிள்ளையின் வாய்க்குக் கொண்டுபோனாள்.